அரை நோன்பும் முழு மாரத்தானும்



2024 ஜனவரி முதல் வாரத்தில் நடைபெற்ற சென்னை மாரத்தானில் ராயபுரம், திருவொற்றியூர்ப் பகுதிகளைச் சேர்ந்த நாங்கள் நால்வர் கலந்துகொண்டோம். 42.195 கிலோமீட்டர் முழு ஓட்டத்திற்குப் பெயர் கொடுத்திருந்தோம். எல்லைக்கோட்டைக் கடந்தவர்கள் எங்களில் இருவர் மட்டுமே. ஒருவர் 29ஆம் கிலோமீட்டரில் மருத்துவ உதவி முகாமில் படுக்கவைக்கப்பட்டார். மற்றொருவர் அவருடைய தலைமாட்டில் அமர்ந்திருந்தார். அல்ஹம்துலில்லாஹ், நால்வரும் அன்று நல்லபடியாக வீடு திரும்பினோம். ஆனாலும் எங்கள் மஹல்லாவில் அந்த ஓட்டத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசப்படும்போதெல்லாம் எங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது. பேசுபவர்களுக்குப் பதக்கம் மட்டுமே தெரியும். மற்றதையும் சொல்லிவிடுவது எங்கள் கடமை என்று கருதி இதை எழுதுகிறோம்.

எங்கள் நால்வரில் மூத்தவர் கன்டெய்னர் யார்டு ஒன்றில் கணக்கு எழுதுபவர். வயது 47. இரண்டாமவர் பள்ளி ஆசிரியர். மூன்றாமவர் எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரி உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். ஆறு ஆண்டுகளாக அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. நான்காமவர் மணலியில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கும் இளைஞர். ஒரே பள்ளிவாசலில் தொழுபவர்கள் என்பதைத் தவிர எங்களுக்குள் வேறு ஒற்றுமை இல்லை. ஓட்டப் பழக்கம் ஒருவருக்கும் இருந்ததில்லை.

அந்த 2023ஆம் ஆண்டின் நடுவில், எங்களோடு தினமும் தொழுகை வரிசையில் நின்ற சகோதரர் ஒருவர் மாரடைப்பால் மவுத்தானார். அவருக்கு 44 வயதுதான். ஜனாஸாவை அடக்கிவிட்டுத் திரும்பும் வழியில் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் பகுதியின் வாழ்க்கை அப்படிப்பட்டது. மாறி மாறி வரும் ஷிஃப்ட், கண்விழிப்பு, நள்ளிரவு பரோட்டா, நாளுக்கு ஏழெட்டுச் சர்க்கரைத் தேநீர், மூச்சை இழுத்தால் உள்ளே வரும் டீசல் புகை. அன்று மாலை மூத்தவர், "நாளை ஃபஜ்ருக்குப் பிறகு யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது, நடப்போம்" என்றார். அப்படித்தான் தொடங்கினோம்.

ஒரு மாதத்தில் நடை ஓட்டமாயிற்று. ஆகஸ்டில் மாரத்தானுக்குப் பெயர் பதிவு செய்தோம். புதியவர்கள் முழு மாரத்தானுக்கு நான்கு முதல் ஐந்து மாதங்கள் இடைவிடாமல் பயிற்சி செய்ய வேண்டும் என்றும், அதற்குள் ஒரு நாளாவது 30 கிலோமீட்டரை நெருங்கிவிட வேண்டும் என்றும் படித்திருந்தோம். நாள்கள் கணக்காகவே இருந்தன. வாரத்தில் மூன்று நாள் குறைந்த தூரம், ஞாயிற்றுக்கிழமை நீண்ட தூரம் என்று தாள் போட்டுச் சுவரில் ஒட்டினோம்.

எங்கள் ஓடுபாதை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தைக் கடந்து, வடக்கே திருவொற்றியூர் வழியாக எண்ணூரை நோக்கிச் செல்லும் கடற்கரைச் சாலை. வலப்புறம் அலைதடுப்புக் கருங்கற்கள், இடப்புறம் துறைமுகத்திற்குள் நுழையக் காத்துக்கிடக்கும் டிரெய்லர் லாரிகளின் வரிசை. லாரிகளின் அடியில் அடுப்பு மூட்டிச் சமைக்கும் ஓட்டுநர்கள் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். இந்தச் சாலையில் ஓடுபவர்கள் அரிது. நகரின் பெரிய ஓட்டங்கள் நாங்கள் அறிந்தவரை மெரினாவிலிருந்து தெற்கு நோக்கியே செல்கின்றன. வடக்கே திரும்பியதை நாங்கள் பார்த்ததில்லை. அதனாலேயே எங்களுக்கு ஒரு வீம்பும் ஏற்பட்டது. வடசென்னைக்காரர்களாலும் முடியும் என்று காட்ட வேண்டும் என்று பேசிக்கொண்டோம். அந்த வீம்பில் நியாயம் கொஞ்சம் இருந்தது. நஃப்சும் கலந்திருந்தது.

நவம்பர் முடிவில் எங்களின் மிக நீண்ட ஓட்டம் 18 கிலோமீட்டர். டிசம்பரில்தான் 25ஐயும் 30ஐயும் தொட வேண்டியிருந்தது. அந்த டிசம்பர் எப்படிப் போயிற்று என்பதை இந்தப் பக்கத்து மக்கள் யாரும் மறக்கமாட்டார்கள். 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியது. எங்களில் இருவர் வீடுகளில் இடுப்பளவு தண்ணீர். பள்ளிவாசலில் சமைத்துப் பொட்டலம் கட்டி, மதம் பாராமல் தெருத் தெருவாகக் கொடுத்த நாள்களில் ஓட்டத்தின் நினைவே எங்களுக்கு வரவில்லை. வெள்ளம் வடிந்தபோது எண்ணூர்க் கழிமுகம் முழுவதும் எண்ணெய் படர்ந்திருந்தது. படகுகளும் வலைகளும் கறுத்துப்போயின. கரையில் நின்றாலே தலைவலித்தது. 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா வாயு கசிய, மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வீடுகளை விட்டு ஓடினார்கள். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். நாங்கள் பயிற்சி செய்த அதே சாலையில், உயிருக்கு அஞ்சி வெறுங்காலோடு ஓடிய தாய்மார்களைப் பற்றி மறுநாள் கேள்விப்பட்டோம். அதன் பின் அந்தச் சாலையில் ஓடுவதற்கு எங்களுக்கு மனம் வரவில்லை.

ஆக, ஓட்டத்திற்கு முந்தைய ஐந்து வாரங்கள் ஏறக்குறைய வெறுமையாகக் கழிந்தன. விலகிக்கொள்வதற்கு அதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை. ஆனால் நாங்கள் விலகவில்லை. பதிவு உறுதியானதும் நால்வரும் நின்று எடுத்த படத்தை மஹல்லாவின் வாட்ஸப் குழுவில் போட்டிருந்தோம். அதன் கீழே நூற்றுக்கு மேற்பட்ட வாழ்த்துகளும் துஆக்களும் இருந்தன. அவற்றைப் பார்த்த பிறகு, "முடியாது" என்று எழுத எங்கள் விரல் மறுத்தது.

ஓட்டத்திற்கு இரண்டு நாள் முன்பு இஷா தொழுகை முடிந்ததும் ஹஜ்ரத்திடம் துஆ செய்யச் சொன்னோம். அவர் எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, "துஆ செய்கிறேன். நிய்யத்தை மட்டும் ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். அவர் எங்களை உற்சாகப்படுத்தியதாகவே அப்போது எடுத்துக்கொண்டோம்.

ஓட்டம் நேப்பியர் பாலத்தருகே அதிகாலை நான்கு மணிக்குத் தொடங்கியது. ஆடை விஷயத்தில் எங்களுக்குக் குழப்பம் இல்லை. முழங்கால் மறையும் கால்சட்டையே அணிந்திருந்தோம். ஃபஜ்ரு தொழுகையைப் பற்றித்தான் பல நாள் யோசித்திருந்தோம். ஜனவரி முதல் வாரத்தில் சென்னையில் ஐந்தே கால் மணியளவில் ஃபஜ்ரு நேரம் தொடங்குகிறது. ஆறரை மணியளவில் சூரியன் உதித்துவிடுகிறது. நான்கு மணிக்குப் புறப்படுபவர் அந்தப் பொழுதில் ஓட்டத்தின் நடுவில்தான் இருப்பார். எனவே உளூவோடு புறப்படுவது, நேரம் வந்ததும் ஓரமாக ஒதுங்கித் தொழுவது என்று முடிவு செய்திருந்தோம். வியர்வையால் உளூ முறியாது என்பதால் கவலை இல்லை.

பத்தாவது கிலோமீட்டரைத் தாண்டி, நடைபாதை அகலமாக இருந்த ஓரிடத்தில் நின்றோம். வடசென்னைப் பிள்ளைகளுக்குக் கிப்லாவைத் தேடும் சிரமம் இல்லை. கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, சற்றே வலப்புறம் திரும்பினால் போதும் என்று சிறுவயதிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். துண்டை விரித்தபோது இளைஞரின் கால்விரல் கொப்புளம் உடைந்து குருதி வழிந்திருப்பது தெரிந்தது. எங்களில் மூவர் ஷாஃபிஈ மத்ஹபினர். அவர் மட்டும் ஹனஃபி. அவர்களின் சட்டப்படி வழிந்தோடும் குருதி உளூவை முறிக்கும். "நீங்கள் தப்பித்தீர்கள், பாய்" என்று சொல்லிவிட்டு, குடிக்க வைத்திருந்த தண்ணீரில் அவர் உளூச் செய்தார். கழற்றிய காலணியை வீங்கிய காலில் மீண்டும் மாட்டுவதற்குள் அவர் பட்ட பாட்டைப் பார்த்து நாங்கள் சிரித்தோம். உதிரிபாகக் கடைக்காரர் இமாமாக நின்றார். அவர் குரல் நன்றாக இருக்கும். ஓடிச் சென்ற சிலர் வேகத்தைக் குறைத்து, கொஞ்சம் விலகி, எங்களுக்கு இடம் விட்டுச் சென்றார்கள். அன்றைய நாளில் எங்களுக்கு எந்த உறுத்தலும் இல்லாமல் நினைவில் நிற்பது அந்தத் தொழுகை ஒன்றுதான்.

20ஆம் கிலோமீட்டர் வரை உற்சாகம் எங்களைச் சுமந்து சென்றது. அதற்குப் பிறகு ஒவ்வொரு அடியும் எங்கள் பயிற்சி எட்டாத தூரம். நம் உடல் ஈரலிலும் தசைகளிலும் மாவுச்சத்தைச் சேமித்து வைக்கிறது. ஓடும்போது அந்தச் சேமிப்பைத்தான் முதலில் எடுத்துச் செலவழிக்கிறது. 30 கிலோமீட்டரை நெருங்கும்போது பெரும்பாலோருக்கு அது வற்றத் தொடங்கும். மாதக்கணக்கில் நீண்ட தூரம் ஓடிப் பழகிய உடல், கொழுப்பையும் எரித்துச் சேமிப்பைச் சிக்கனமாகச் செலவிடக் கற்றிருக்கும். எங்கள் உடல்களுக்கு அந்தப் பாடத்தை நாங்கள் கற்பிக்கவில்லை. தொடை இறுகியது. இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது. பேச்சு நின்றது. ஆளுக்கொரு திக்ரை மனத்திற்குள் சொல்லிக்கொண்டு, பாதி ஓட்டமும் பாதி நடையுமாகச் சென்றோம்.

29ஆம் கிலோமீட்டர் இருக்கும். உதிரிபாகக் கடைக்காரர் மூத்தவரின் கையைப் பிடித்து நிறுத்தி, "அண்ணே, வெளிச்சம் வந்துவிட்டதே, நாம் எப்போது ஃபஜ்ரு தொழப்போகிறோம்?" என்று கேட்டார்.

எங்களுக்கு இமாமாக நின்று தொழவைத்தவர் அவர்தான். அவர் முகத்தைப் பார்த்தோம். வெயிலில் நின்றவரின் நெற்றி சில்லென்று இருந்தது. கை நடுங்கியது. கண்கள் எங்களைப் பார்த்தன, ஆனால் அடையாளம் காணவில்லை. நல்லவேளையாக மருத்துவ உதவி முகாம் பார்வைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. இருவர் தாங்கிப் பிடித்து அழைத்துச் சென்றோம். விரல் நுனியில் குத்திச் சோதித்த மருத்துவர், இரத்தச் சர்க்கரை 60க்கும் கீழே போய்விட்டது என்றார். "சர்க்கரை மாத்திரை போடுபவரா? இன்று காலையும் போட்டாரா? ஓடப்போவதாகத் தம் மருத்துவரிடம் சொன்னாரா?" என்று அடுத்தடுத்துக் கேட்டார். மாத்திரையை வழக்கம்போலப் போட்டிருந்தார். சாப்பிட்டது இரண்டு பேரீச்சம்பழம். மருத்துவரிடம் சொல்லவில்லை. சொன்னாரா என்று நாங்களும் இத்தனை மாதங்களில் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

குளுக்கோஸ் ஏறியதும் கால் மணி நேரத்தில் தெளிந்தார். தெளிந்தவுடன் அவர் சொன்னது, "நீங்கள் ஓடுங்கள், மஹல்லாவில் சொல்லிவிட்டோம்" என்பதுதான். மூத்தவர் நெஞ்சில் குத்தியிருந்த எண் அட்டையைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, அவர் அருகில் அமர்ந்தார். மற்ற இருவரும் அரை மனத்தோடு எழுந்து சென்றோம். மிச்சம் 13 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதியை நடந்தே கடந்தோம். பத்து மணி வெயிலில் எல்லைக்கோட்டைத் தாண்டியபோது கழுத்தில் பதக்கம் விழுந்தது. மகிழ்ச்சி வரவில்லை. முகாமில் விட்டுவந்தவரின் நினைவுதான் வந்தது.

மாலையில் ஆசிரியர் தம் பதக்கத்தை உதிரிபாகக் கடைக்காரரிடம் நீட்டினார். அவர் வாங்கவில்லை. "ஓடாத தூரத்துக்குப் பதக்கம் வாங்கினால் அது எனக்கு ஹலால் ஆகாது, சார்" என்று சிரித்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை. கதவோரம் நின்று, மூத்தவரைப் பார்த்துக் கேட்டார்: "அண்ணே, நம் பிள்ளைகளுக்கு எப்படி நோன்பு பழக்குகிறோம்? ஏழு வயதுப் பிள்ளையை முதல் நாளே மஃக்ரிப் வரை பட்டினி போடுகிறோமா? லுஹர் வரைக்கும் அரை நோன்பு வை என்கிறோம். அடுத்த வருஷம் அஸர் வரைக்கும் என்கிறோம். பிள்ளைக்குத் தெரிந்த இந்தக் கணக்கு உங்கள் நாலு பேருக்கும் தெரியாமல் போனதா?"

எங்களிடம் பதில் இல்லை. ஹஜ்ரத் சொன்னதன் பொருளும் அந்த வாசலில்தான் விளங்கியது.

அன்றிலிருந்து அந்தச் சகோதரியின் கேள்வியை எங்களுக்குள் பலமுறை பேசியிருக்கிறோம். ஆஷூரா நோன்பின்போது நபித்தோழியர் சிறு பிள்ளைகளையும் நோன்பு வைக்கச் செய்து, பசித்து அழும்போது கம்பளியால் செய்த விளையாட்டுப் பொருளைக் கொடுத்து நோன்பு திறக்கும் நேரம் வரை அவர்களின் கவனத்தைத் திருப்பியதாக ஹதீஸ்களில் காண்கிறோம். பெரிய அமலுக்கு உடலையும் மனத்தையும் மெல்ல மெல்லப் பழக்க வேண்டும் என்பதை நம் வீடுகளில் பாட்டிமார்கள்கூட அறிந்திருந்தார்கள். அல்லாஹ்வுக்கு மிகவும் விருப்பமான அமல், குறைவாக இருந்தாலும் இடைவிடாமல் செய்யப்படுவது என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்ததை ஜும்ஆ பயான்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். இரவெல்லாம் நின்று வணங்கி, பகலெல்லாம் நோன்பிருந்த அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களிடம், உடலுக்கும் உங்கள் மீது உரிமை உண்டு என்று நபியவர்கள் எடுத்துரைத்ததையும் அறிவோம். வணக்கத்திற்கே அப்படி ஓர் எல்லை வகுக்கப்பட்டிருக்க, வாட்ஸப் வாழ்த்துகளுக்காக உடலை வருத்தியதற்கு நாங்கள் என்ன காரணம் சொல்வது? அதிலும் அடுத்தவர் உடலை? எங்களோடு சேர்ந்து ஓட வந்த சகோதரர் எங்கள் கையில் ஓர் அமானிதம். அந்த அமானிதத்தைப் பேணுவதில் நாங்கள் தவறிவிட்டோம். அதற்காக அவரிடமும் அவர் குடும்பத்தாரிடமும் மன்னிப்புக் கேட்டோம். அல்லாஹ்விடமும் கேட்கிறோம்.

உம்ரா சென்று வந்த மூத்தவர் ஸஃயைப் பற்றி ஒரு செய்தி சொன்னார். ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு முறை செல்லும் அந்தத் தூரம் மொத்தம் மூன்று கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். ஆண்கள் அதில் பச்சை விளக்குகளுக்கு இடைப்பட்ட சிறு பகுதியில் மட்டும் விரைகிறார்கள். மற்ற இடங்களில் நடைதான். தண்ணீருக்காகத் தவித்த ஹாஜரா (அலை) அவர்களின் ஓட்டம்தான் அந்த வணக்கத்தின் மூலம். யாரும் பார்க்காத பாலைவனத்தில், பிள்ளையின் உயிருக்காக அவர்கள் ஓடினார்கள். அம்மோனியா கசிந்த இரவில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எண்ணூர்ச் சாலையில் ஓடிய தாய்மார்களின் நினைவு எங்களுக்கு அப்போது வந்தது. அவர்கள் யாரும் படம் எடுத்துக்கொள்ளவில்லை.

ஓட்டத்தை நாங்கள் விட்டுவிடவில்லை. மவுத்தான சகோதரருக்காகத் தொடங்கியதை எங்கள் தவறைக் காரணம் காட்டி நிறுத்துவதும் சரியாகாது. உதிரிபாகக் கடைக்காரர் மருத்துவரைப் பார்த்து, ஓடும் நாளில் மாத்திரையையும் உணவையும் எப்படி அமைத்துக்கொள்வது என்று கேட்டறிந்தார். இப்போது அவர் பையில் குளுக்கோஸ் பொட்டலம் எப்போதும் இருக்கிறது. சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ உள்ள சகோதரர்கள் தங்கள் மருத்துவரிடம் பேசாமல் நீண்ட தூரம் ஓடத் தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். உடன் ஓடுபவர்கள் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நம் பொறுப்பு.

அந்த ஆண்டு மார்ச்சில் ரமலான் வந்தபோது, தராவீஹுக்குப் பிறகு மூன்று கிலோமீட்டர் நடந்தோம். பெருநாள் முடிந்ததும் ஃபஜ்ருக்குப் பின் ஐந்து கிலோமீட்டர், வாரத்தில் நான்கு நாள். புதிய தாளில் முழு மாரத்தான் இன்னும் இடம்பெறவில்லை. அரை மாரத்தானுக்கே ஓர் ஆண்டு வைத்திருக்கிறோம். அதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் "அரை நோன்பு".

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது குடும்பத்தாரும் வருகிறார்கள். காற்று நன்றாக இருக்கும் நாளில் கடற்கரைச் சாலைக்கும், புகை மண்டிய நாளில் பள்ளிக்கூட மைதானத்திற்கும் செல்கிறோம். நபி (ஸல்) அவர்களும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களும் பயணத்தில் ஓட்டப்பந்தயம் வைத்துக்கொண்டதும், முதல்முறை அன்னையார் வென்றதும், பின்னொரு முறை நபியவர்கள் வென்று, அதற்கு இது சரியாகிவிட்டது என்று சொன்னதும் நம் வீடுகளில் அடிக்கடி சொல்லப்படும் செய்தி. சென்ற வாரம் மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை உதிரிபாகக் கடைக்காரரும் அவர் மனைவியும் பந்தயம் வைத்தார்கள். அவர் மனைவிதான் வென்றார். முட்டியில் கைவைத்து மூச்சு வாங்கிய கணவரிடம், முதல் வேலையாக, "காலையில் சாப்பிட்டீர்களா?" என்று கேட்டார்.

நம் உடல்களில் ஆரோக்கியத்தையும், அமல்களில் நிலைத்தன்மையையும், நிய்யத்தில் தூய்மையையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. இந்தப் பகுதி மக்களுக்குத் தூய காற்றையும் அச்சமற்ற இரவுகளையும் அருள்வானாக. எங்களுக்கு முன் சென்றுவிட்ட அந்தச் சகோதரரின் கப்ரை ஒளிமயமாக்குவானாக. ஆமீன்.